ஒலீட்டா ஊற்றிய ஈயம்

ஒலீட்டா ஹார்கெட்டின் கடையில் வெட்டி விழுகிற தலைமுடி குப்பைக்குப் போவதில்லை. வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறைதான் கடை. இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, முடி உலர்த்தும் பழைய இயந்திரம் ஒன்று. தரையைக் கூட்டும்போதே அவள் கண் பொறுக்கிவிடும். வெள்ளை முடி ஒரு டப்பாவுக்கு, தேன் நிறம் இன்னொன்றுக்கு. மிஸ் இமோஜினின் சாயம் ஏற்றிய செக்கச்சிவந்த முடிக்கு மட்டும் மூடி போட்ட தனி பிஸ்கட் டப்பா.

எல்லாம் ஜிக் என்கிற தூண்டில் பொய்யிரை கட்டத்தான். ஈயத்தை உருக்கிப் பட்டாணி அளவு தலையாக அச்சில் ஊற்றி, அதில் கொக்கியைப் பதித்து, கழுத்தில் கொஞ்சம் முடியைச் சுற்றிக் கட்டினால் ஜிக் தயார். தண்ணீருக்குள் மெல்ல இழுத்துப் போனால் அந்த முடி மூச்சு விடுகிற மாதிரி விரிந்து விரிந்து சுருங்கும். கிராப்பி மீன் அதைக் குஞ்சு மீன் என்று நம்பி வாயைத் திறக்கும். கடைகளில் ரப்பர் வால் வைத்த ஜிக் கிடைக்கிறதுதான். ஒலீட்டாவுக்கு அது பிடிக்காது.

அவளுடைய வாடிக்கைப் பெண்களுக்கு இதில் பெருமை உண்டு. வாரத்துக்கொரு முறை தலையைக் கழுவிச் சுருட்டிக்கொள்ள வரும் மிஸ் இமோஜின், நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள்.

"இந்த வாரம் நான் ஏதாவது பிடிச்சேனா, ஒலீட்டா?"

"உங்க முடி நல்லா பிடிச்சுது, மிஸ் இமோஜின். உங்க தங்கச்சி முடிதான் சும்மா போய் நனைஞ்சுட்டு வந்துச்சு."

"அவளை மாதிரியே. சோம்பேறி முடி."

மிசிசிப்பி மாநிலத்தின் வடக்குப் பகுதியில் ஹாலமன் ஏரியை ஒட்டிய அந்தச் சிற்றூரில் மீன் பிடிக்காத ஆண் கிடையாது. ஆனால் ஒலீட்டா தூண்டில் தொட்டதே நாற்பது வயதுக்கு மேல்தான். அவள் கணவன் டாய்ஸ் சோபா தொழிற்சாலையில் மரச்சட்டம் அடிப்பவன். பேச்சு என்பதே அவனுக்குச் செலவு. சனிக்கிழமை விடிந்தால் தம்பி ஹோய்ட்டோடு படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். ஹோய்ட்டுக்கு முழங்கால் விட்டுப்போய் படகில் ஏற முடியாமல் ஆன வருடம், அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"நான் வரவா?" என்றாள் ஒலீட்டா.

"நீயா? தண்ணியக் கண்டாலே பயப்படுவியே."

"உன்னைக் கண்டுகூடத்தான் பயந்தேன். கட்டிக்கலையா?"

டாய்ஸ் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பது அபூர்வம். அந்தச் சிரிப்புக்காகவே அவள் மறுநாள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள் என்றுகூடச் சொல்லலாம்.

கரையோரப் புதர்களில் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாய்ஸுக்கு நடு ஏரிதான். குளிர் முடிந்து முட்டையிட வருவதற்கு முன்னால் பெரிய கிராப்பிகள் ஆழத்தில் கூட்டம் கூட்டமாக அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். படகின் மூக்கில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. எதிரே விசிறி மாதிரி விரிந்த எட்டு நீளத் தூண்டில் கம்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜிக். காலால் மிதித்து ஓட்டும் மின்மோட்டார், தவழும் குழந்தையின் வேகத்தில் படகைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு பேரும் எட்டு நுனிகளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நுனி வளைந்தால் யாருக்கும் தெரியும். ஆனால் கிராப்பி கீழேயிருந்து மேலே வந்து கவ்வும். ஈயத்தின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்போது நுனி லேசாக நிமிரும். அந்த நிமிர்வை ஒலீட்டா முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். டாய்ஸ் பார்ப்பதற்கு முன்னால் அவள் கை கம்பில் இருக்கும்.

வீட்டில் பேசாத மனிதன் படகிலும் பேசவில்லை. ஆனால் அங்கே அது உறுத்தவில்லை. அவன் முழங்கை இடித்தால் இடது பக்கம் கவனி என்று அர்த்தம். உப்பு பிஸ்கட்டும் டப்பாவில் அடைத்த குட்டி சாசேஜும் அவன் கையிலிருந்து அவள் மடிக்கு வரும். தன் கல்யாணம் கடையிலும் சமையலறையிலும் நடக்கவில்லை, அந்த இரண்டு நாற்காலியில்தான் நடக்கிறது என்று அவள் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஊர் கிராப்பி சங்கம் வசந்தத்தில் நடத்தும் போட்டிகளில் சேர்ந்தார்கள். பிடித்த மீனின் மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. ஆரம்பத்தில் கடைசியிலிருந்து எண்ணினால்தான் அவர்கள் பெயர் சீக்கிரம் வரும். பிறகு ஒரு வருடம் ஜெயித்தார்கள். ஒலீட்டா மேடையிலேயே குதித்து, சங்கத் தலைவரைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பியைத் தட்டிவிட்டாள். அடுத்த வருடம் நாலாவதாக வந்ததோடு சரி, அதன்பிறகு ஜெயிப்பது பழக்கமாகிவிட்டது. முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே அலமாரி அடித்துக் கோப்பைகளை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியாரே, "ஹார்கெட் தம்பதிக்காகவும் நன்றி சொல்லுவோம், அவங்க நமக்காக மீன் வறுக்கப் போறாங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அந்த வருடங்களில் டாய்ஸ் ஒருநாள் கொட்டகைக்கு வந்து நின்றான். அவள் அடுப்பில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள்.

"கொக்கி இல்லாம சும்மா குண்டா ஊத்தித் தருவியா? முட்டை மாதிரி. காத்தடிக்கிற நாள்ல லைன் கீழ நிக்க மாட்டேங்குது."

"எத்தனை?"

"ஊத்துற வரைக்கும் ஊத்து. ஓரம் எல்லாம் வழவழன்னு இருக்கணும். இல்லைன்னா லைன் அறுந்துடும்."

அவள் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் அச்சு பொருந்திய தையல் தடத்தை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு போகும்வரை தேய்த்தாள். கொஞ்ச நாளில் அவன் மறுபடி வந்து, "தண்ணிக்குள்ள கட்டையில மாட்டிப் போயிடுச்சு, இன்னும் ஊத்து" என்றான். அந்த ஏரி முழுக்க மூழ்கிய மரக்கட்டைகள். அவள் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இந்த முறை மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை அன்று போட்டி. காற்று அதிகம், ஆனால் மீன் நன்றாக விழுந்தது. மதியத்துக்குமேல் படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பின. படகு இறக்கும் சரிவில் வண்டியைப் பின்னால் எடுத்து டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடுவது எப்போதும் ஒலீட்டாவின் வேலை. அவள் அளவுக்கு அதை நேராக விடுகிற ஆம்பிளை அந்த ஊரில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவள் வண்டியை எடுக்கப் போன நேரத்தில் டாய்ஸ் படகில் தனியாக, மீன்தொட்டிக்கு மேல் குனிந்துகொண்டிருந்தான். எல்லாப் போட்டியிலும் அப்படித்தான்.

எடை மேடையைச் சுற்றி நல்ல கூட்டம். கெளுத்தி மீன் வறுத்து விற்கிற வண்டியிலிருந்து எண்ணெய் வாசனை. எடை போடுகிறவர் ட்ரூயெட் பானெல், மளிகைக்கடையில் இறைச்சிப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹார்கெட் பையிலிருந்த மீன்கள் தராசில் ஏறியதும் கூட்டம் விசிலடித்தது. ஒலீட்டா கையை உயர்த்தப் போனாள். ட்ரூயெட் விசிலடிக்கவில்லை. ஒரு மீனை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார்.

"டாய்ஸ், இது என்ன தின்னுச்சு?"

"சின்ன மீனுதான். இந்தக் காலத்துல நிறையத் தின்னும்."

ட்ரூயெட் கட்டை விரலால் மீனின் வயிற்றை அழுத்தினார். அவர் முகம் மாறியது. மேஜையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"வேணாம் ட்ரூயெட்," என்றான் டாய்ஸ்.

மெல்லத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற ஒலீட்டாவுக்கு மட்டும் கேட்டது. மீனை வெட்டினால் பாழாகிவிடும் என்று சொல்கிறான் என நினைத்தாள்.

கத்தி வயிற்றில் இறங்கியது. தகரத் தட்டில் டக் டக் என்று ஏதோ விழுந்தது.

எங்கிருந்தோ ஒரு பெண் "அய்யய்யோ" என்றாள். போன வருடம் இரண்டாம் இடம் வந்த ராயல் ஸ்டீகால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஈயம்! ஈயத்தை அடைச்சு வெச்சிருக்கான் பாருங்கடா! இத்தனை வருஷமா இதானா?"

ட்ரூயெட் அடுத்த மீனை வெட்டினார். அதிலும் விழுந்தது.

ஒலீட்டாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் மேடைமேல் ஏறிவிட்டாள். ராயல் ஸ்டீகாலின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"நீதான்டா! நீதான் செஞ்சிருக்கே! எங்க தொட்டியில கைய விட்டது நீதான்! தோத்துப்போன ஆத்திரத்துல என் புருஷன் மேல பழி போடுறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"நான் உங்க படகு பக்கமே வரலையே, ஒலீட்டா!"

"பொய் சொல்லாத! வேற எவன் செய்வான்?"

அவன்மேல் எறியத்தான் தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்தாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

குண்டு முட்டை வடிவில் இருந்தது. ஓரம் வழவழவென்று இருந்தது.

அவள் கையை இறக்கி, கட்டை விரலால் தையல் இருந்த இடத்தைத் தடவினாள். ராவி ராவித் தேய்த்த இடம். கண்ணை மூடினாலும் அவளுக்குத் தெரியும். கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். டாய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாய்ஸ்," என்றார் ட்ரூயெட். அவர் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "சொல்லுப்பா. இது யாரு வேலை?"

டாய்ஸ் தலையைத் தூக்கவில்லை.

"ஈயம் ஊத்துறது நான் இல்ல," என்றான். "அவதான்."

அந்த வார்த்தை விழுந்ததும் கூட்டம் மொத்தமாக அவள் பக்கம் திரும்பியது. எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். பாதிப் பேருடைய மனைவிமார் தலையை அவள் வாராவாரம் கழுவியிருக்கிறாள். அவன் சொன்னது பொய்யில்லை. அவள்தான் ஊற்றினாள். அவள் கையில் ஈயக் குண்டு வேறு இருக்கிறது. அத்தனை பேருக்கும் எதிரே, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு அவர்களை அனுப்பினார்கள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் டிரெய்லரில் படகு. பக்கத்தில் அவன். ஊர் எல்லை தாண்டியதும் பருத்தி விதைக்க உழுதுபோட்டிருந்த ஒரு வயலோரம் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"எப்பத்திலேர்ந்து?"

அவன் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தான்.

"டாய்ஸ். எப்பத்திலேர்ந்துன்னு கேட்டேன்."

"கொஞ்ச வருஷமா."

"நான் வண்டி எடுக்கப் போற நேரத்துலயா?"

அவன் தலையாட்டினான்.

"மொத கப்பு? நான் குதிச்சேனே, அதுவுமா?"

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுதான் நிஜம்? ஏதாவது ஒண்ணு நிஜம்னு சொல்லேன்!"

"எல்லாம் சேந்து கெடக்கு ஒலீட்டா. இப்போ கேட்டா எப்படிச் சொல்றது?"

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. யாரோ மண்டையில் அடித்துவிட்டுப் போன மாதிரி ஒரு மரமரப்புதான்.

"சரி, அதை விடு. என் பேரை எதுக்குச் சொன்ன?"

"வாயில வந்துடுச்சு."

"முப்பது வருஷமா உன் வாயில ஒண்ணும் வந்ததில்ல. சாப்பாடு நல்லா இருக்குன்னு வந்ததில்ல. எங்கம்மா செத்தப்போ ஒரு வார்த்தை வந்ததில்ல. இன்னிக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஹோய்ட் வீட்டுக்குத் திரும்பும் மண் சாலையில் மறுபடி நிறுத்தினாள்.

"இறங்கு."

"ஒலீட்டா..."

"உன் தம்பி வீடு கண்ணுக்குத் தெரியுது. நடந்து போ. நான் ஏதாவது பண்ணித் தொலைக்கிறதுக்குள்ள இறங்கிடு."

அவன் இறங்கினான். வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போவதை அவள் பார்த்தாள். தன் காலம் பூராவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதனை நடுச்சாலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது, வீட்டு வாசலில் வண்டியை அணைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அன்று அவள் எத்தனை தடவை கை கழுவினாள் என்பதற்குக் கணக்கில்லை. கொட்டகைக்குப் போய் அச்சை எடுத்துப் பார்த்தாள். காற்றடித்த நாட்களை நினைத்துப் பார்த்தாள். அந்த முட்டைக் குண்டை அவன் எந்த லைனிலாவது கோத்து அவள் பார்த்திருக்கிறாளா? இல்லை. ஒருநாளும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எட்டு நுனிகளையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, இதை மட்டும் எப்படிப் பார்க்காமல் போனாள்? அந்தக் கேள்வி அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தாள். மாறாக, இடம் போதவில்லை. முந்தின வாரம்தான் தலை சுருட்டிக்கொண்டு போனவர்கள்கூட வந்திருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். தக்காளி நாற்றைப் பற்றிப் பேசினார்கள். மீன் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மதியம் என்ன சமையல் என்று ஒருத்தி கேட்டதற்கு இன்னொருத்தி "மீ..." என்று ஆரம்பித்து, "மீட்லோஃப்" என்று இறைச்சிக்கு மாற்றி முடித்தாள். அலமாரியில் இருந்த கோப்பைகளை மட்டும் எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மிஸ் இமோஜின் வந்தாள். உட்கார்ந்தாள். துணியைப் போர்த்தும்வரை பொறுத்தாள்.

"இவங்க யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேக்குறேன். என் முடி அதுல இருந்துச்சா?"

ஒலீட்டா துணியின் முடிச்சைக் கழுத்தில் கட்டி முடித்தாள்.

"இருந்துச்சு, மிஸ் இமோஜின். கொக்கியில இருந்துச்சு. வயித்துல இருந்தது என் ஈயம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா. சர்ச்சுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

கிழவி கண்ணாடி வழியே அவளை நெடுநேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலையைக் கழுவிச் சுருட்டி முடிந்ததும் எழுந்து, கைப்பையைத் திறந்து நீட்டினாள்.

"அந்த டப்பாவைக் கொடு."

"எந்த டப்பா?"

"என் முடி டப்பா. என் தலையிலேர்ந்து விழுந்தது என் வீட்டுக்கே வரட்டும். எண்பது வயசு வரைக்கும் எவனையும் நான் ஏமாத்தினதில்ல. இப்போ ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது. போஸ்ட் ஆபீஸ்ல ஒருத்தன் கேக்குறான், உங்க தலையில எவ்வளவு ஈயம் இருக்குன்னு."

ஒலீட்டா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மிஸ் இமோஜின் அதைப் பைக்குள் வைத்து, கிளிப்பை அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்து நடந்து போனாள். எடை மேடையில் அத்தனை கண்களையும் தாங்கிய ஒலீட்டாவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. தலை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். மற்ற பெண்கள் பத்திரிகையைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்தார்கள்.

சங்கம் இருவரையும் நீக்கியது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு வர ஜூலை ஆனது. குற்றப் பத்திரிகையில் அவள் பெயரும் இருந்தது. டாய்ஸின் வக்கீல் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம இருந்தீங்கன்னா லேசா முடிஞ்சுடும்மா" என்றார். அவள், "பேசாம இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நீதிமன்றத்தில் மின்விசிறி இருந்தும் எல்லாரும் சர்ச்சில் கொடுத்த அட்டை விசிறிகளால் வீசிக்கொண்டிருந்தார்கள். டாய்ஸ் இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. ஒலீட்டா அவனைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தாள். நீதிபதி, "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டபோது வக்கீல் அவன் கையைப் பிடித்து அமுக்கினார். டாய்ஸ் கையை உதறிவிட்டு எழுந்தான்.

"அவளுக்குத் தெரியாதுங்க, ஐயா," என்றான். "காத்துக்குன்னு சொல்லித்தான் ஊத்தச் சொன்னேன். டிரெய்லர் எடுக்க அவ போறப்போதான் அடைப்பேன். அன்னிக்கு மேடையில நான் சொன்னது... ஈயம் அவ ஊத்தினதுன்னு சொன்னேன். நெசம்தான். ஆனா நெசத்தை வெச்சுப் பொய் சொன்னேன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. அவளை அறியாமல் தலை திரும்பிவிட்டது.

"எதற்காகச் செய்தீர்கள்?" என்றார் நீதிபதி.

"மொத தடவை நேர்மையா ஜெயிச்சோம். அந்த மொத கப்பு சுத்தமானது. அன்னிக்கு எல்லாரும் வந்து எங்கிட்ட கை குடுத்தாங்க. தொழிற்சாலையில மேனேஜர்கூட. அதுக்கு முன்னாடி என் பேரு அவருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் மீன் வரல. நாலாவது வந்தோம். யாரும் கை குடுக்கல. அவ்வளவுதாங்க."

வழக்கிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். அவனுக்கு அபராதமும், சில வருடங்களுக்கு மீன்பிடி உரிமம் ரத்தும். வாசலில் அவன் தயங்கி நின்றான். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "மொத கப்பு நெசம், ஒலீட்டா. சாமி சத்தியமா" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் கேட்க ஏங்கியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அது இப்போது வந்துவிட்டது, அதைச் சொன்னது அவன் வாய். நம்பலாமா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். நம்புகிற இடத்தில் ஒன்றுமில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிரவைத்தது. சிரிக்கும்போதும், கோபித்துக்கொள்ளும்போதும்கூட அவனை நம்பாமல் இருந்ததில்லையே அவள்.

"நல்லா சாப்பிடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

மறுநாள் கோப்பைகளை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி ட்ரூயெட் பானெல் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அவர் பெட்டியைக் கிளறி முதல் வருடக் கோப்பையை வெளியே எடுத்தார்.

"இது உங்களோடதுதானே. கோர்ட்ல அவன் சொன்னானே."

"அவன் சொன்னதுதானே. உள்ள வைங்க."

"சங்கத்துல பேசிட்டேன், ஒலீட்டா. உங்க பேரை மறுபடி சேத்துக்கிறதா முடிவாயிருக்கு."

"உங்களுக்குப் பெரிய மனசு. எனக்கு இப்போ மேடையே வேணாம்."

டாய்ஸ் ஹோய்ட் வீட்டுப் பின்னால் நின்ற டிரெய்லர் வீட்டில் தங்கிவிட்டான். அவன் துணிமணிகளை அவளே மடித்து அனுப்பினாள். விவாகரத்து என்று யாரும் பேசவில்லை. திரும்பி வா என்றும் யாரும் பேசவில்லை. கடைக்குப் பெண்கள் வந்தார்கள். மிஸ் இமோஜினும் வந்தாள், ஆனால் வெட்டி விழுந்த முடியைத் தானே குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாள். ஒலீட்டா ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

அடுத்த மார்ச்சில், போட்டி எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை, கடையை மூடிவிட்டுப் படகை எடுத்தாள். தனியாக இறக்குவது எளிதில்லை. கயிற்றைக் கட்டி, வண்டியை விட்டு, ஓடிவந்து படகைப் பிடிப்பதற்குள் இடுப்புவரை நனைந்துவிட்டாள். நடு ஏரிக்குப் போனதும் நான்கு கம்புகளை மட்டும் விரித்தாள். ஒருத்தியால் அவ்வளவுதான் பார்க்க முடியும். வலது பக்க நாற்காலி காலி. படகு அந்தப் பக்கம் பாரமில்லாமல் லேசாக இடப்பக்கமே சாய்ந்து போனது. அதற்கேற்ப அவள் மின்மோட்டாரைத் திருப்பித் திருப்பி மிதிக்க வேண்டியிருந்தது.

ஜிக்குகள் அவள் கட்டியவை, ஈயம் அவள் ஊற்றியது. வால் மட்டும் அவளுடைய சொந்த நரைமுடி. தானே கண்ணாடி முன்னால் நின்று வெட்டிக்கொண்டது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. இந்த ஜிக்குக்கு உண்மையிலேயே மீன் வருமா? வந்ததெல்லாம் யாரோ வரவழைத்ததா? வாய்விட்டே, "வராட்டி என்ன பண்றது டாய்ஸ்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஓரத்துக் கம்பின் நுனி நிமிர்ந்தது. ஒரு மயிரிழை.

கை தானாகப் போனது. தூக்கினாள். கம்பு வில்லாய் வளைந்தது. வலையில் அள்ளியபோது அந்த மீன் உள்ளங்கையைவிட அகலமாக, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளிகளோடு மினுங்கியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதன் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது. அவள் படகின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, சத்தம் போட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மற்ற மூன்று கம்புகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

மாலையில் வறுப்பதற்குப் போதுமான மீனோடு திரும்பினாள். கரையில் ட்ரூயெட் பானெல் தன் சின்னப் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு ஒன்றும் விழவில்லை. அவளுடைய மீன்தொட்டியை எட்டிப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன.

"அடேயப்பா. தராசு வண்டியிலேயே இருக்கு, எடை போட்டுப் பாக்கலாமா?"

"வேணாம். எண்ணெய்ச் சட்டி இருந்தா சொல்லுங்க."

"அதுவும் இருக்கு. சோளமாவும் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, எங்க பிடிச்ச?" அந்த ஏரியில் யாரும் யாருக்கும் நிஜமான பதில் சொல்லாத கேள்வி அது.

ஒலீட்டா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கையை நீட்டி, தான் போகவே போகாத வடக்குக் கரையைக் காட்டினாள்.

ட்ரூயெட் அந்தப் பக்கம் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை எடுக்கப் போனார்கள்.